இருபத்தொன்றரை மில்லிமீட்டர்

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ ஓர் அளவைச் 'சுமார் ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும்' என்று சொல்லப்போக, "சுமார்னா எவ்வளவு? மில்லிமீட்டர்ல சொல்லுங்க" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். முதலாளி அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் மட்டும் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்துக்கொள்வார். அவளுக்கு இதில் வருத்தமெல்லாம் கிடையாது. எந்தப் பெயரையாவது சொல்லி யாராவது கூப்பிட்டால் போதும் என்று இருந்தாள், பாவம்.

அங்கே வேலை என்னவென்றால், கை சரியாக இயங்காதவர்களுக்குப் பிடிகள் செய்வது. ஸ்பூனுக்குப் பிடி, பேனாவுக்குப் பிடி, குழாயைத் திருக ஒரு பிடி. மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கிறவர் நோயாளியின் கையைச் செல்போனில் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து அனுப்புவார். கம்ப்யூட்டரில் அந்தக் கை முழுசாக வந்து நிற்கும். அதற்கு ஏற்ற மாதிரி மில்லிமீட்டர் ஒரு பிடி வரைவாள். பின்னால் வரிசையாக ஆறு த்ரீ-டி பிரிண்டர்கள். பிளாஸ்டிக் நூலை உருக்கி, அடுக்கு மேல் அடுக்காக இழைத்து, நாலு மணி நேரத்தில் பொருளைக் கையில் கொடுத்துவிடும். காலையில் தோன்றிய யோசனையை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து தொட்டுப் பார்க்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவள் இதற்கு முன்பு பதினேழு வருடம் ஒரு மிக்ஸி கம்பெனியில் இருந்தவள். அங்கே ஜாருக்கு ஒரு கைப்பிடி வரைந்தால் அது கடைக்குப் போய்ச் சேர எட்டு மாதம் ஆகும். முதலில் களிமண், அப்புறம் மரம், கடைசியில் எஃகு அச்சு. அச்சை வெட்டிவிட்டால் வெட்டியதுதான், அதில் ஒரு தப்பு இருந்தால் லட்சம் கைப்பிடியிலும் அந்தத் தப்பு இருக்கும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து குடுமிப்பிடிச் சண்டை போடுவார்கள். அச்சுக்காரர் கத்துவார், விற்பனைக்காரர் திருப்பிக் கத்துவார், இவள் இரண்டு பேரையும் பார்த்துக் கத்துவாள். சாயங்காலம் எல்லோரும் ஒன்றாகத் தேநீர் குடிப்பார்கள். யார் வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் பன்னிரண்டு பேரும் போய் முன் வரிசையில் உட்காருவார்கள்.

இங்கே சண்டைக்கு என்ன தேவை? தப்பு வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று அச்செடுத்தால் ஆயிற்று. இழப்பு நாலு மணி நேரமும் ஒரு கைப்பிடி பிளாஸ்டிக்கும். கலந்து பேச எதுவும் இல்லாததால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. மற்ற இரண்டு பேரும் காதில் ஹெட்போனை மாட்டினால் கழற்றுவது வீட்டுக்குப் போகும்போதுதான். பிரிண்டர்கள் மட்டும் நாள் முழுக்க ஙொய் ஙொய்யென்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்.

வீட்டிலும் அதே கதை. ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு தட்டு. கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் கேட்கிறவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. தங்கை கடல் கடந்து இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து "எப்படிக்கா இருக்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பிள்ளைகள் பக்கம் போனைத் திருப்பிவிடுவாள். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. கடையில் பில் போடுகிறவர் "பை வேணுமா?" என்று கேட்டால், "வேண்டாம்ப்பா, இந்தப் பை போன வருஷம் வாங்கினது, இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்று நீட்டி முழக்கிப் பதில் சொல்லுவாள். பின்னால் நிற்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் கணக்கு டீச்சர் வந்தார்.

டீச்சர் நேரில் வரவில்லை, கை மட்டும் படமாக வந்தது. வயது ஐம்பத்திரண்டு, பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் பலம் குறைந்துவிட்டன. கேட்டிருந்தது ஒரே ஒரு பொருள்: வீட்டுச் சாவிக்கு ஒரு பிடி. இது போன்ற வேலையை உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கலாம், யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. மில்லிமீட்டர்தான், "பூட்டு எப்படித் திரும்புதுன்னு நேர்ல பார்த்தாதான் எனக்குப் புரியும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு புதன்கிழமை கிளம்பினாள்.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது டீச்சர் இல்லை, கீழ்வீட்டுக்காரர்.

"இப்படித்தான் நடக்குது இங்க," என்றார் டீச்சர் நாற்காலியில் இருந்தபடியே. "காலையில வந்து திறந்து விடுவாரு, சாயங்காலம் வந்து பூட்டிட்டுப் போவாரு. நான் என்ன மாடா?"

பழைய காலத்துப் பூட்டு, உள்ளே இருந்தும் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும். இடது கையால் திருப்பலாமே என்றால், இடது கையில் ஊன்றுகோல் இருக்கிறது. அதை விட்டால் டீச்சர் விழுந்துவிடுவார். பூட்டையே மாற்றலாமே என்றால், வீட்டு உரிமையாளர் கதவில் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே டீச்சரின் அண்ணன். கெட்டவர் இல்லை, தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர். அதுதான் தொந்தரவே.

"'அவசரத்துக்குக் கதவைத் திறக்க முடியாதவளை எப்படித் தனியா விடுறது?'ன்னு கேக்குறாரு. நானே திறந்து நானே பூட்டிக் காட்டணுமாம். காட்டிட்டா வாயைத் திறக்க மாட்டாராம். இல்லேன்னா அவர் ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுவாராம். அங்க எனக்கு ஒரு கட்டில் போட்டு, ஒரு மருமகளைக் காவலுக்கு வச்சு..." டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "இது என் வீடு. இருபது வருஷமா என் வீடு. எனக்கு என் கதவை நானே திறக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

மில்லிமீட்டருக்கு அன்றைக்கே டீச்சரைப் பிடித்துப்போயிற்று.

முதல் பிடி குண்டாகப் போய்விட்டது. கட்டைவிரல் உட்காருவதற்கு ஒரு குழி உண்டு, அதன் அகலம் இருபத்தேழு மில்லிமீட்டர், விரல் அதற்குள் நீந்தியது. இரண்டாவது பதினெட்டு, விரல் நுழையவே இல்லை, அழுத்தியதும் படக்கென்று இரண்டாக விண்டது.

"உடைச்சிட்டேனா?" என்று டீச்சர் பயந்துபோனார்.

"நீங்க இல்ல டீச்சர், நான்தான். நிக்க வச்சு அச்செடுத்துட்டேன். நிக்க வச்சு எடுத்தா வழவழன்னு பார்க்க அழகா வரும், ஆனா திருகினா அடுக்குக்கு அடுக்கு விட்டுடும். படுக்க வச்சு எடுத்தா கொஞ்சம் சொரசொரப்பு, ஆனா உடையாது. எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் அழகுக்கு ஆசைப்பட்டுட்டேன்."

"அப்ப அடுத்ததைப் படுக்க வைங்க. அழகை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு பிடி. டீச்சர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பிடியின் குழியையும் ஸ்கேல் வைத்து அளந்து, இடது கையால் கோணல் மாணலாக எழுதி வைத்தார். மூன்றாவது இருபத்து நாலு, நாலாவது இருபது, ஐந்தாவது இருபத்து இரண்டரை. அலுவலகத்தில் அவளைக் கூப்பிடும் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "வாங்க மில்லிமீட்டர், இன்னிக்கு என்ன கொண்டு வந்திருக்கீங்க என் மானத்தை வாங்க?" என்றுதான் வரவேற்பார். சோதனை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பேச்சு இரண்டு மணி நேரம் ஓடும். செய்தித்தாளில் வரும் எண் புதிரை இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு போடுவார்கள். மில்லிமீட்டர் மெதுவாக யோசித்தால், "எட்டாங்கிளாஸ்ல நீங்க என்கிட்ட மாட்டியிருக்கணும்" என்பார் டீச்சர். மில்லிமீட்டர் வாய்விட்டுச் சிரிப்பாள். தன் சிரிப்பே தனக்குக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொள்வாள்.

நடுவில் ஒரு காரியம் செய்தாள். பிடியைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் டீச்சர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்று, படத்தில் வந்திருந்த அந்தக் கையையே அச்செடுத்தாள். படுக்க வைத்து, கையின் வெளிச்சுவரைக் கனமாக வைத்து, மிஷின் பதினோரு மணி நேரம் ஓடியது. சாம்பல் நிறத்தில், பாதி மடங்கிய விரல்களோடு, டீச்சரின் வலது கை மேசை மேல் வந்து உட்கார்ந்தது. இது வேலைக்காகத்தான், இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மத்தியானம் தனியாகச் சாப்பிடும்போது ஒரு நாள், யோசிக்காமல், தன் இடது கையை அந்தக் கையின் மேல் வைத்தாள். எடுக்க மனசு வரவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

ஆறாவது பிடியை ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சாம்பல் கையில் பொருத்திப் பார்த்தாள். குழி இருபத்தொன்றரை மில்லிமீட்டர். ஓர் இடத்திலும் இடிக்கவில்லை, ஓர் இடத்திலும் ஆடவில்லை. இருபத்து நாலு வருட வேலையில் இப்படி ஒன்று நாலைந்து தடவைதான் அமையும். பன்னிரண்டு பேர் இருந்த காலமாக இருந்தால் கூவி அழைத்திருப்பாள், அச்சுக்காரர் வந்து முதுகில் தட்டியிருப்பார். இப்போது திரும்பிப் பார்த்தாள். இரண்டு ஹெட்போன்கள், ஆறு மிஷின்கள்.

அப்போதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. நாளை புதன். நாளை இதைக் கொடுத்தால் டீச்சர் கதவைத் திறப்பார், பூட்டுவார், நோட்டில் எழுதுவார், நன்றி சொல்லுவார். அதற்கு அடுத்த புதன்கிழமை என்ன?

ஆறாவது பிடியை மேசை டிராயரில் போட்டாள். கம்ப்யூட்டரில் ஒன்றரை மில்லிமீட்டரைக் கூட்டினாள். ஏழாவது பிடி, இருபத்து மூன்று. நாலு மணி நேரத்தில் தயாரானது. மிக்ஸி கம்பெனியாக இருந்தால் இந்த எண்ணம் மனசில் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அங்கே ஒரு தப்பு என்றால் பன்னிரண்டு பேர் தூக்கம் போகும். இங்கே தப்பு மலிவு, யாருக்கும் தெரியாது. மறுநாள் டீச்சரிடம், "ஆறாவதை மிஷின் சொதப்பிடுச்சு டீச்சர், இது ஏழாவது" என்றாள். டீச்சர் நோட்டில் ஆறுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு ஏழை எழுதினார். பிடி லேசாக ஆடியது, சாவி பாதியில் நின்றது.

"பரவால்ல, நெருங்கிட்டோம்ல?" என்று டீச்சர்தான் அவளைத் தேற்றினார். அந்தத் தேற்றலைக் கேட்டுக்கொண்டு எப்படித்தான் தேநீர் குடித்தாளோ!

எட்டாவது, இருபது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வரப்போகிறார் என்று டீச்சர் புதனன்றே சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டே மில்லிமீட்டர் எட்டாவதைச் சாவியில் பொருத்திக் கொடுத்தாள். 'பழகினா திருப்பிடுவாங்க, ஒன்றரை மில்லிமீட்டர்தானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அளவில் சுமார் என்ற பேச்சையே பொறுக்காதவள் சொன்ன சமாதானம் இது!

நடந்ததை அடுத்த புதன்கிழமை டீச்சர் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"இருபது நிமிஷம் வெளியே நின்னு திருப்பினேன். அண்ணன் கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்கல. பொறுமையா நின்னாரு. அதுதான் எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சு. கட்டைவிரல் தோல் உரிஞ்சிடுச்சு. கடைசியில கீழ்வீட்டுக்காரர் வந்து திறந்தாரு. அண்ணன் என் தலையில கை வச்சாரு. ரெண்டு வாரம் டைம் கொடுத்திருக்காரு. அப்பவும் முடியலேன்னா வண்டியோட வருவேன்னு சொல்லிட்டாரு."

கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டர். மில்லிமீட்டர் அதைப் பார்த்தாள். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். பையில் இருந்தது ஒன்பதாவது, இருபத்து மூன்று. அதை எடுத்துக் கொடுத்தாள்.

மடத்தனம் இல்லாமல் என்ன இது? டீச்சர் ஊரைவிட்டே போய்விட்டால் இவளுக்கு எந்தப் புதன்கிழமை மிஞ்சும்? அது அவளுக்கும் தெரியும். ஆனால் பசிக்கிறவனுக்கு அடுத்த மாதச் சாப்பாட்டைப் பற்றி யோசனை வருமா? அவள் கண்ணுக்கு அடுத்த புதன்கிழமை மட்டும்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் பார்க்கவே அவளுக்குத் தெம்பில்லை. இன்னும் பத்து நாள் இருக்கிறது, கடைசி வாரம் கொடுத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டாள்.

கடைசி வாரமும் வந்தது. செவ்வாய்க்கிழமை டீச்சர் போன் செய்தார். "நாளைக்கு வர வேண்டாம். சனிக்கிழமை வாங்க." வழக்கமான கிண்டல் இல்லை, வைத்துவிட்டார்.

அதற்குள் மில்லிமீட்டர் பத்தாவது பிடியை அச்செடுத்தாள். இருபது. டிராயரைத் திறந்து ஆறாவதையும் எடுத்தாள். சனிக்கிழமை மத்தியானம் கைப்பையின் ஒரு பக்கம் பத்தாவது, மறு பக்கம் ஆறாவது. எதைக் கொடுப்பது என்று பஸ் ஏறும்போது முடிவு செய்யலாம் என்று நினைத்தாள், பிறகு இறங்கும்போது, பிறகு மாடிப்படி ஏறும்போது. எதை எடுத்திருப்பாள் என்று அவளுக்கு இன்று வரைக்கும் தெரியாது. பையில் கை வைக்கவே டீச்சர் விடவில்லை.

"உட்காருங்க," என்றார். கதவு திறந்தே கிடந்தது. மேசையில் தேநீர் இல்லை, நோட்டு விரிந்து கிடந்தது.

"முப்பது வருஷமா கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கேன் மில்லிமீட்டர். தெரியாம தப்பு பண்ற பிள்ளையையும் பார்த்திருக்கேன், தெரிஞ்சே தப்பு பண்ற பிள்ளையையும் பார்த்திருக்கேன். தெரியாம பண்ற தப்பு அப்படியும் வரும் இப்படியும் வரும், போகப்போகக் குறையும். தெரிஞ்சு பண்றதுதான் ஒரே அளவுல வந்துகிட்டே இருக்கும்."

ஊன்றுகோலின் நுனியால் நோட்டைத் தள்ளினார்.

"ஒன்னுல இருந்து அஞ்சு வரைக்கும் பாருங்க. இருபத்தேழு, பதினெட்டு, இருபத்து நாலு, இருபது, இருபத்து இரண்டரை. கூடிக் குறைஞ்சு ஓர் இடத்துக்கு வந்து சேருது. ஆறு இல்ல. அப்புறம் பாருங்க. இருபத்து மூணு, இருபது, இருபத்து மூணு. கூட்டுறதும் அதே அளவு, குறைக்கிறதும் அதே அளவு. எதைத் தாண்டிக் குதிக்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னிக்குக் கொண்டு வந்தது எவ்வளவு, இருபதா?"

மில்லிமீட்டர் தலையாட்டினாள்.

"இருபதுக்கும் இருபத்து மூணுக்கும் நடுவுல எவ்வளவு?"

"இருபத்தொன்னரை."

"அது எங்க இருக்கு?"

"பையில."

"எத்தனை நாளா?"

"மூணு வாரத்துக்கு மேல ஆச்சு டீச்சர்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்?"

எத்தனையோ பொய் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. "இது சரியாயிடுச்சுன்னா நான் வர வேண்டியதில்லையே டீச்சர். புதன்கிழமையை விட்டா எனக்குப் பேச ஆளே இல்ல. எனக்கு இங்க வர்றது பிடிச்சிருந்துச்சு. உங்களைப் பிடிச்சிருந்துச்சு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று அதை விழுங்கினாள்.

"சும்மா வந்திருக்கலாமே!" டீச்சர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "ஒரு டீ குடிக்க வந்தேன்னு சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? எனக்கு மட்டும் இங்க யாரு வரிசையில நிக்கிறாங்க? புதன்கிழமை காலையில ஆறு மணிக்கே எழுந்து ஒத்தைக் கையால வீட்டைப் பெருக்கினேன் நான், நீங்க வர்றீங்கன்னு. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. சும்மா போகலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கையில் ஒரு பொருள் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"கொடுங்க அதை."

ஆறாவது பிடியை எடுத்து, சாவியைப் பொருத்தித் திருகாணியை இறுக்கிக் கொடுத்தாள். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் கையில போட்டே பார்க்கலியே. இது சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"உங்க கை என் மேசை மேல இருக்கு டீச்சர். படத்துல இருந்து அச்செடுத்து வச்சிருக்கேன். அதுல போட்டுப் பார்த்தேன்."

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"அதை உடைச்சுப் போட்டுடுங்க. எனக்கு மிச்சம் இருக்கிறது இந்த ஒரு வலது கை. அது என்கிட்டயே இருக்கட்டும்." ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். மில்லிமீட்டர் தாங்கப் போனாள். "வேண்டாம். வெளியே போங்க."

வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஊன்றுகோல் ஒரு தடவை தரையில் ஊன்றியது. சாவி துளையைத் தேடி உரசியது, நுழைந்தது. பிறகு டக்கென்று ஒரே திருப்பு. இடையில் நிற்கவில்லை, திணறவில்லை. பூட்டு நாக்கு முழுசாகப் போய் விழுந்த சத்தம் அது. ஒன்பது வாரமாக அவர்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்த சத்தம்.

"மில்லிமீட்டர்." கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது.

"டீச்சர்!"

"சரியா இருக்கு."

அவ்வளவுதான். விடைத்தாளில் திருத்திவிட்டுச் சொல்கிற மாதிரிச் சொன்னார். ஊன்றுகோல் சத்தம் உள்ளே நகர்ந்து நகர்ந்து போய், அப்புறம் கேட்கவில்லை. மில்லிமீட்டர் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டுக்காரர் சாயங்காலப் பூட்டுக்காக மேலே வந்தார். கதவைத் தள்ளிப் பார்த்தார், பூட்டியிருந்தது. "அடடே!" என்று முகமெல்லாம் பல்லாக அவளைப் பார்த்தார். "நீங்கதான் பண்ணிக் கொடுத்தீங்களா? கெட்டிக்காரிதான் போங்க!" அவள் எழுந்து படியிறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு டீச்சரிடம் இருந்து ஒரு வரி வந்தது. 'திறந்துட்டேன். அண்ணன் தனியா ஊருக்குக் கிளம்பிட்டாரு.' மில்லிமீட்டர் பதில் எழுதி அழித்தாள், எழுதி அழித்தாள், கடைசியில் 'ரொம்ப சந்தோஷம் டீச்சர்' என்று அனுப்பினாள். உண்மையிலேயே சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. டீச்சர் அதைப் படித்துவிட்டதாகப் போன் காட்டியது. வேறு எதுவும் வரவில்லை. மத்தியானம் தங்கை வீடியோவில் வந்து "எப்படிக்கா இருக்க?" என்றாள். "இருக்கேன்டி" என்பதற்குள் திரையில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை முதலாளி மேசைப் பக்கம் வந்தார். "அந்தச் சாவி வேலை முடிஞ்சுதாக்கா? பத்தோ பதினொன்னோ போச்சே?"

"முடிஞ்சுது. ஆறாவதுதான் சரி."

"அப்ப இந்தக் கை வேண்டாம்ல? தூளாக்குற பெட்டியில போட்டுடுங்க. புதுசா ரெண்டு கை வந்திருக்கு."

பையிலேயே கிடந்த பத்தாவது பிடியை முதலில் பெட்டியில் போட்டாள். அது பிளாஸ்டிக் சத்தத்தோடு விழுந்தது. அப்புறம் சாம்பல் கையை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து வராந்தாவுக்குப் போனாள். டீச்சர் சொன்ன ஒரே ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று கட்டைவிரலைப் பிடித்து வளைத்தாள். அசையவில்லை. மணிக்கட்டை முழங்காலில் வைத்து அழுத்தினாள். கைப்பிடிச் சுவரின் விளிம்பில் ஓங்கி ஓர் அடி அடித்தாள், உள்ளங்கை எரிந்தது, அவள் உள்ளங்கைதான். உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து நாலு அடி அடித்தாள். விரல்கள் பாதி மடங்கியபடியே கிடந்தன, ஒரு கீறல்கூட விழவில்லை.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். படுக்க வைத்து, சுவரைக் கனமாக வைத்து, பதினோரு மணி நேரம் கூடவே இருந்து அச்செடுத்தது. அது எப்படி உடையும்?